கடிகாரங்களைத் தடுமாற வைக்கும் எண்

2038-ம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. பொங்கல் கழிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். சொந்த ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஆபீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி.

அந்த விநாடியில், உலகில் உள்ள எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கு, ஓர் எண்ணைத் தொடும். அந்த எண் இதுதான்:

214,74,83,647.

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு! பார்ப்பதற்கு ஏதோ ஒரு கம்பெனியின் லாபக் கணக்குப் போல் இருக்கிறது. ஆனால் இதற்கு அடுத்த எண்ணைச் சொல்லத் தெரியாத எந்திரங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அடுத்த விநாடி பிறந்ததும் அவற்றின் கணக்கில் வரும் தேதி, 2038 அல்ல. 1901-ம் ஆண்டு டிசம்பர் மாதம்!

ஏன் இப்படி? இந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது?

அரிசிக் கதை

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் ராஜாவிடம் பரிசு கேட்ட கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, இரண்டாவது கட்டத்துக்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, அடுத்ததற்கு எட்டு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பாகக் கேட்டான். ராஜா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். பிறகு களஞ்சியம் காலியாயிற்று.

பலகையில் உள்ள 64 கட்டங்களும் நமக்கு வேண்டாம். 31-வது கட்டத்தோடு நிறுத்திவிட்டு, அதுவரை வைத்த அரிசியை எல்லாம் கூட்டிப் பாருங்கள். ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல் 214,74,83,647 அரிசிதான் இருக்கும். ஓர் அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோ மூட்டையாக நானூறு மூட்டைக்கு மேல் வரும்.

கம்ப்யூட்டர் எண்ணுகிற முறையும் இதே முறைதான். அதற்கு ஒன்றும் பூஜ்யமும் மட்டுமே தெரியும். ஒரு வரிசையில் விளக்குகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் விளக்கு எரிந்தால் ஒன்று என்று பொருள். இரண்டாவது எரிந்தால் இரண்டு. மூன்றாவது நான்கு. நாலாவது எட்டு. எரிகிற விளக்குகளின் மதிப்பைக் கூட்டினால் எண் கிடைத்துவிடும். 31 விளக்குகளும் ஒன்றாக எரிந்தால் நம்முடைய எண்.

பல காலமாகக் கம்ப்யூட்டர்களில் ஓர் எண்ணுக்கு 32 இடங்கள் ஒதுக்குவது வழக்கமாக இருந்துவருகிறது. அதில் 31 இடம் எண்ணுக்கு. மிச்சம் இருக்கும் 32-வது இடம், மைனஸ் எண்களுக்காக வைத்தது. அந்தக் கடைசி விளக்கின் மதிப்பு, மைனஸ் 214,74,83,648.

இப்போது 31 விளக்குகளும் எரியும்போது இன்னொன்றைக் கூட்டினால் என்ன ஆகும்? ஸ்கூட்டரில் கிலோ மீட்டர் காட்டும் கருவி 99,999-க்குப் பிறகு ஐந்து பூஜ்யமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல 31 விளக்குகளும் அணைந்து, 32-வது விளக்கு எரியும். மலை உச்சியில் நின்றவன் ஓர் அடி எடுத்து வைத்ததும் பாதாளத்தில் கிடப்பான்!

கண் தெரியாத கணித மேதை

இந்த எண்ணின் பெருமை கம்ப்யூட்டரோடு தொடங்கவில்லை. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இது புகழ் பெற்ற எண்.

7, 11, 13 போன்ற எண்களை ஒன்றாலும் அதே எண்ணாலும் தவிர வேறு எதனாலும் மிச்சம் இல்லாமல் வகுக்க முடியாது. இவற்றைப் பகா எண்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இரண்டை இரண்டால் பல தடவை பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் சில சமயம் பகா எண் கிடைக்கும். 3, 7, 31, 127 எல்லாம் இப்படிக் கிடைத்தவை. மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1644-ம் ஆண்டில் இந்த வகை எண்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். ஆகவே இவற்றுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பட்டியலில் தவறுகள் உண்டு என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்த நம்முடைய எண், அதில் சரியாகவே இடம் பெற்றிருந்தது.

சரி என்று எப்படித் தெரிந்தது? அதுதான் சுவையான விஷயம்.

ருஷியாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார், ஸ்விட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர். 1771-ம் ஆண்டில் அவருடைய வீடு தீப்பிடித்து எரிந்தது. அதே ஆண்டில் கண்ணில் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. கொஞ்ச காலம் பார்வை திரும்பி, பிறகு அடியோடு போயிற்று. மறு ஆண்டில், பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில், 214,74,83,647 ஒரு பகா எண் என்று நிரூபித்துவிட்டதாக அறிவித்தார்!

ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க, அதன் வர்க்க மூலம் வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். இந்த எண்ணுக்கு வர்க்க மூலம் 46,340-க்குக் கொஞ்சம் மேல். அதற்குள் நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பகா எண்கள் இருக்கின்றன. அவ்வளவு வகுத்தலையும் மனத்தில் போடுவது சாமானியமா?

ஆய்லர் குறுக்கு வழி கண்டார். இந்த எண்ணை ஏதாவது ஒரு பகா எண் வகுக்க வேண்டுமானால், அந்த வகுக்கும் எண்ணை 248-ஆல் வகுக்கும்போது மிச்சம் 1 அல்லது 63 வந்தே தீர வேண்டும் என்று காட்டினார். மற்றதையெல்லாம் தொட வேண்டியதே இல்லை. வேலை 372 வகுத்தல்களுக்குள் அடங்கிவிட்டது. ஒன்றும் வகுக்கவில்லை. ஆகவே அது பகா எண்.

அப்போது உலகம் அறிந்த பகா எண்களில் எல்லாம் மிகப் பெரியது இதுதான். பல பத்தாண்டுகள் அந்தப் பெருமை அதற்கு இருந்தது.

இன்னொரு பெருமையும் சேர்ந்தது. 6 என்ற எண்ணை வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. மூன்றையும் கூட்டினால் 6. அதே போல் 28. இப்படிப்பட்ட எண்களுக்கு நிறைவு எண்கள் என்று பெயர். ஆய்லரின் பகா எண்ணைக் கொண்டு 230,58,43,00,81,39,95,21,28 என்ற 19 இலக்க நிறைவு எண் கிடைத்தது. 1811-ம் ஆண்டில் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் தம்முடைய புத்தகத்தில், இதற்கு மேல் பெரிய நிறைவு எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று எழுதினார். இவை வேடிக்கைக்கு ஆகுமே தவிர உபயோகத்துக்கு ஆகாது, ஆகவே யாரும் தேட மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

பாவம், பார்லோ! 1876-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 39 இலக்கப் பகா எண் ஒன்றை நிரூபித்தார். தேடுவதை இன்றும் நிறுத்தவில்லை. 2024-ம் ஆண்டு அக்டோபரில் லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். மெர்சென் வகையில் அது 52-வது. ஆய்லருடையது எட்டாவது.

உபயோகம் இல்லை என்றாரே, அதுவும் பொய்யாயிற்று. கம்ப்யூட்டரில் சீட்டாட்டத்துக்கும், ஆராய்ச்சிக் கணக்குகளுக்கும், குலுக்கிப் போட்டது போன்ற எண்கள் தேவை. ஓர் எண்ணை 16,807-ஆல் பெருக்கு, வந்ததை நம்முடைய 214 கோடி எண்ணால் வகு, மிச்சத்தை எடுத்துக்கொள், அதையே மறுபடி பெருக்கு. இப்படிப் போய்க்கொண்டே இருந்தால், ஒரே எண் திரும்பி வராமல் 214 கோடியே சொச்சம் எண்களும் தாறுமாறான வரிசையில் ஒவ்வொன்றாக வந்து தீரும். அந்த எண் பகா எண்ணாக இருப்பதால்தான் இது சாத்தியம். பார்க், மில்லர் என்ற இருவர் 1988-ல் இதையே குறைந்தபட்ச நிர்ணய முறையாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அநேக கம்ப்யூட்டர்களில் அது இடம் பெற்றது.

கம்ப்யூட்டர் பெட்டியில் அடங்கும் கடைசி எண்ணும், ஆய்லரின் பகா எண்ணும் ஒன்றாக அமைந்தது அதிர்ஷ்டம்தான். 32 இடத்தையும் எண்ணுக்கே கொடுத்திருந்தால் கடைசி எண் 429 கோடியைத் தாண்டும். அதை 3 வகுக்கும், 5 வகுக்கும், 17 வகுக்கும்.

விநாடிக் கணக்கு

இனி ஜனவரி 19-க்கு வருவோம்.

அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் 'யூனிக்ஸ்' என்ற கம்ப்யூட்டர் இயக்க முறையை உருவாக்கினார்கள். தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுதி வைப்பதைவிட, ஒரு குறிப்பிட்ட நேரத்திலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே போவது எந்திரத்துக்கு எளிது. முதலில் விநாடியை அறுபதாகப் பிரித்து எண்ணினார்கள். அந்தக் கணக்கில் 32 இடமும் இரண்டேகால் ஆண்டில் நிரம்பிவிடும்! பிறகு முழு விநாடியாக மாற்றி, 1970 ஜனவரி 1-ந் தேதி கிரீன்விச் நள்ளிரவைத் தொடக்கமாக வைத்தார்கள். அப்படி எண்ணினால் 68 ஆண்டும் 18 நாளும் தாங்கும். 1970-களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு 2038 என்பது கதைகளில் வருகிற ஆண்டு. நாம் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தங்கள் எந்திரத்தின் வழிவந்தவை உலகம் முழுவதும் பரவும், செல்போனில் புகும், மின்சார மீட்டரில் உட்காரும் என்று அவர்கள் கனவா கண்டார்கள்?

ஒரே விநாடிதான், உலகம் முழுவதற்கும். ஆனால் அப்போது நியூயார்க்கில் முந்தின நாள் இரவு 10 மணி 14 நிமிஷம். லண்டனில் விடியற்காலை 3 மணி 14 நிமிஷம். அவர்கள் தூங்கிக்கொண்டே திருத்திக்கொள்ளலாம். நமக்கு அது ஆபீஸ் நேரம், ரெயில் நேரம். பங்குச் சந்தை திறக்க அரை மணிதான் இருக்கும்.

முன்பே நடந்தவை

இது வீண் பயமா? இல்லை. எண்ணின் கைவரிசை பல தடவை தெரிந்திருக்கிறது.

2014-ம் ஆண்டு டிசம்பரில், தென்கொரியப் பாடகர் 'சை'யின் குதிரை நடனப் பாட்டு யூடியூபில் இந்த எண்ணை எட்டியது. ஒரு படத்தை இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று எண்ணவே இல்லை என்று அந்தக் கம்பெனியார் வேடிக்கையாக அறிவித்தார்கள். அவர்களுடைய பொறியாளர்கள் முன்கூட்டியே பெட்டியைப் பெரிதாக்கி வைத்திருந்தபடியால் ஆபத்து ஒன்றும் இல்லை.

அடுத்தது அப்படி வேடிக்கையானது அல்ல. 2015-ம் ஆண்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், போயிங் 787 விமானங்களுக்கு ஓர் அவசர உத்தரவு போட்டது. விமானத்தின் மின்சார ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளை, தொடர்ந்து 248 நாள் நிறுத்தாமல் வைத்திருந்தால், உள்ளே ஓர் எண்ணி நிரம்பி வழிந்து, எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் நின்றுவிடலாம். வானத்தில் மின்சாரம் போய்விடலாம் என்று அதில் எச்சரித்தார்கள். சோதனைக்கூடத்திலேயே கண்டுபிடித்ததால், விபத்து எதுவும் இதனால் நடக்கவில்லை. கெடு தீருவதற்குள் மின்சாரத்தை ஒரு தடவை நிறுத்திப் போடு என்பதுதான் உத்தரவு!

அது என்ன 248 நாள்? விநாடியை நூறாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். 214 கோடியே சொச்சம், 248 நாளிலும் இன்னொரு அரை நாளிலும் நிரம்பிவிடும். ஆய்லர் கணக்கில் வந்ததும் 248 அல்லவா என்று கேட்பீர்கள். அது தற்செயல். ஜோசியம் பார்க்க வேண்டாம்.

2006-ம் ஆண்டு மே மாதம் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. 'ஏ.ஓ.எல். சர்வர்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் சிலர், ஒரு வேலைக்குக் கெடுவே வேண்டாம் என்பதற்காக நூறு கோடி விநாடி கெடு கொடுத்திருந்தார்கள். நூறு கோடி விநாடி என்றால் முப்பத்தொரு வருடத்துக்கு மேல். மே 13-ந் தேதி ஒரு குறிப்பிட்ட விநாடியில், அன்றைய கணக்கும் நூறு கோடியும் சேர்ந்து நம்முடைய எண்ணைத் தாண்டின. எந்திரங்கள் படுத்துவிட்டன. மறுபடி எழுப்பினால் மறுபடி படுத்தன. 2038-க்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே 2038 வந்துவிட்டது!

இந்தக் கதையில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. 2038-ல்தானே பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. எதிர்காலத் தேதியை இன்றே எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் அந்த விநாடி இன்றே வந்துவிடும். பதினைந்து வருடத் தவணையில் இன்று வீட்டுக் கடன் வாங்குகிறவருடைய கடைசித் தவணை, அந்த விநாடிக்கு அப்பால் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் முதிர்வும் அப்படியே.

நம் வீட்டுக் கணக்கு

தேதி மட்டும் அல்ல. பணத்தைப் பைசாக் கணக்கில் இந்தப் பெட்டிக்குள் வைத்தால், 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசாவுக்கு மேல் ஏறாது. ஒரு பைசா கூடினால், கோடீசுவரர் கடனாளி! பணப் பரிமாற்றங்களுக்கு வரிசை எண் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் யு.பி.ஐ. மூலம் நடந்த பரிமாற்றங்கள் 2,000 கோடிக்கு மேல். இந்தப் பெட்டி நாலு நாள்கூடத் தாங்காது. டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து ஆய்லரின் எண்ணை வாரத்துக்கு இரண்டு தடவை தாண்டிப் போகிறார்கள்.

பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் எப்போதோ கவனித்து, 32 இடத்தை 64 ஆக்கிவிட்டன. 64 இடத்தில் விநாடியை எண்ணினால், 29,200 கோடி ஆண்டுகள் வரை கவலை இல்லை. 2020-ல் வெளிவந்த லினக்ஸ் 5.6, பழைய 32 இட எந்திரங்களிலும் 64 இடக் கடிகாரம் ஓட வழி செய்தது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ல், ஒரு பழைய வகை நீங்கலாக, மற்ற எல்லா எந்திரங்களுக்கும் இந்த மாற்றம் வந்துவிட்டது.

அப்படியானால் ஆபத்து எங்கே? யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில். சுவரில் மாட்டிய மீட்டர், லிப்டின் உள்ளே இருக்கும் சிறு கருவி, தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் கருவி, தொழிற்சாலைக் கொதிகலனுக்குக் காவல் இருக்கும் கருவி. இவற்றை ஒரு தடவை மாட்டினால் பதினைந்து, இருபது ஆண்டு ஓட்டுவார்கள். உள்ளே இருப்பது எந்தக் கடிகாரம் என்று வாங்குகிறவருக்கும் தெரியாது. பல சமயம் விற்கிறவருக்கும் தெரியாது.

என்னிடம் ஒரு பழைய செல்போன் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக அதை எடுத்துத் தேதியை முன்னால் நகர்த்திப் பார்த்தேன். 2037-ம் ஆண்டு டிசம்பர் 31-க்கு மேல் நகரவில்லை. செய்தவன் புத்திசாலி. பள்ளம் இருப்பது தெரிந்து, அதற்கு முன்னால் வேலி போட்டிருக்கிறான். எல்லாக் கருவியிலும் வேலி இருக்கும் என்று எப்படி நம்புவது?

2000-ம் ஆண்டு பிறந்தபோதும் இப்படித்தானே பயமுறுத்தினீர்கள், ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றும் நடக்காததற்குக் காரணம், பல ஆண்டுகள் இரவு பகலாக உட்கார்ந்து லட்சக்கணக்கான வரிகளைத் திருத்தியவர்கள். அவர்களில் நம் நாட்டு இளைஞர்கள் ஏராளம். இந்திய மென்பொருள் கம்பெனிகள் பல அந்த வேலையில்தான் வெளிநாடுகளில் பெயர் எடுத்தன. அப்போது பழுது, எழுத்தில் தெரிந்தது: ஆண்டுக்கு நாலு இலக்கம் போட வேண்டிய இடத்தில் இரண்டு இலக்கம். இந்தத் தடவை பழுது விளக்கு வரிசைக்குள் ஒளிந்திருக்கிறது. தேடுவது இன்னும் கஷ்டம்.

மின் வாரியமோ, குடிநீர் வாரியமோ, ரெயில்வேயோ, இன்று கருவிகளுக்கு டெண்டர் கேட்கும்போது, "2038 ஜனவரி 19-க்குப் பிறகும் தேதி சரியாக ஓட வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும்" என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மாட்டிய பிறகு லட்சக்கணக்கில் கழற்றி மாற்றுவதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டால், அதைப் பைசாவில் எழுத 32 இடம் போதாது.

அதற்கு முன்பே ஓர் ஒத்திகையும் இருக்கிறது. கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு மணியைச் சரி செய்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. அது 1900-ம் ஆண்டிலிருந்து விநாடியை எண்ணுகிறது. 32 இடத்தையும் எண்ணுக்கே வைத்திருக்கிறது. அந்தப் பெட்டி 2036-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். இதை எதிர்பார்த்து எழுதப்பட்ட எந்திரங்கள் சத்தம் இல்லாமல் தாண்டிவிடும். மற்றவை எவை என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். அன்று வியாழக்கிழமை, இந்திய நேரம் பகல் 11 மணி 58 நிமிஷம் 16 விநாடி.